இருபத்திரண்டு தரம் பார்த்தேன்

பேஸ்போலில் அம்பயர் நிற்கிற இடம் பந்தைப் பிடிப்பவனின் முதுகுக்குப் பின்னால். பதினைந்து வருடமாக நான் அங்கேதான் குந்தியிருந்தேன். 2020ஆம் ஆண்டு கோடையில் எங்கள் லீக் ஒரு கடதாசி அனுப்பியது. பிடிப்பவனுக்கும் அம்பயருக்கும் இடையில் ஆறடி இல்லை, ஆகவே இந்தப் பருவம் முழுக்க அம்பயர் பந்து எறிபவனுக்குப் பின்னால், மைதானத்தின் நடுவே நிற்கவேண்டும் என்று அதில் இருந்தது. கிரிக்கெட்டில் நிற்கிற அதே இடம். ஸ்காபரோவில் பேஸ்போல் பார்க்க வருகிற எங்கள் ஆட்களுக்கு ஒரே சிரிப்பு. "கொரோனா வந்து சண்முகநாதன் அண்ணையைத் திரும்பவும் கிரிக்கெட்டுக்குக் கொண்டுவந்திட்டுது" என்றார்கள்.

கடதாசியில் பதினான்கு விதிகள் இருந்தன. துப்பக்கூடாது, கை குலுக்கக்கூடாது, ஆட்டம் முடிந்து கட்டிப்பிடிக்கக்கூடாது என்று வரிசையாக. இந்தக் கதைக்குத் தேவையானது ஒன்பதாவது விதி. பந்து எறிபவன் மைதானத்தில் நிற்கும்போது எறிகிற கையை வாய்க்குக் கொண்டுபோகக்கூடாது. முதல் தடவை என்றால் எச்சரிக்கை, பந்தும் மாற்றப்படும். ஒரு தடவைக்கு மேல் என்றால் அவன் வெளியே போகவேண்டும். பிடி வழுக்காமல் இருக்க எறிபவர்கள் விரலை நக்குவார்கள். அதை நிறுத்த எழுதிய விதி அது.

விதி என்றால் எனக்குக் கொஞ்சம் விசர்தான். நான் நகர பஸ் ஓட்டுகிறவன். யாருடைய மாஸ்க்காவது மூக்குக்குக் கீழே இறங்கினால் மைக்கில் சொல்லி, அது மேலே ஏறின பிறகுதான் பஸ்ஸை எடுப்பேன். அதற்காக ஒரு மனிதர் இறங்கும்போது என்னை ஒரு மாதிரியாகத் திட்டிவிட்டுப் போனார். நான் அவருக்கு மைக்கிலேயே நன்றி சொன்னேன். என் மனைவி தவமணி சொல்லுவாள்: "உங்களுக்கு ஒரு யூனிபோர்ம் போட்டுவிட்டாக் காணும், பிறகு பெண்சாதி பிள்ளை ஒருத்தரையும் தெரியாது."

அது உண்மையில்லை. அல்பேட்டின் மகன் மரியோவை எனக்கு நன்றாகத் தெரிந்தது. பிரச்சினையே அங்கேதான் தொடங்கியது.

ஊரில் அல்பேட் பாசையூர்க்காரன், வேதம், அதாவது கிறிஸ்தவன்; நான் கோண்டாவில், சைவம். இரண்டு பேரும் இங்கே வந்துதான் சினேகிதர். ஒரே பஸ் டிப்போவில் அவன் மெக்கானிக், நான் டிரைவர். நான் கெடுத்துக்கொண்டு வருகிற பிரேக்கை அவன் திட்டித்திட்டித் திருத்துவான். இருபத்தாறு வருடமாக இதே வேலை. அவனுடைய மனைவி எமில்டா முதியோர் இல்லம் ஒன்றில் பராமரிப்பு வேலை செய்தாள். அந்த வருடம் ஏப்ரலில் அந்த இல்லத்தில் நோய் புகுந்தது. மே முதற் கிழமையில் எமில்டா போய்விட்டாள். ஐம்பத்திரண்டு வயது.

அந்த நேரம் செத்தவீட்டுக்குப் பத்துப் பேர்தான். எமில்டாவுக்கு இந்த ரொறன்ரோவில் மட்டும் கூடப்பிறந்தவர்கள் ஐந்து பேர். மாதா கோயில் வாசலில் மரியோ ஒரு பேப்பரோடு நின்றான். இருபத்துநாலு வயதுப் பொடியன், கறுத்தச் சூட், மாஸ்க், கையில் பத்துப் பேரின் பெயர். ஜோசப்பின் என்கிற பெண் விட்பி ஊரிலிருந்து வந்திருந்தாள். எமில்டாவின் சின்னம்மா மகள், ஒரே வீட்டில் ஒரே பாயில் வளர்ந்தவள். "சித்தி, உங்கடை பேர் இல்லை" என்று அவன் சொன்னது பார்க்கிங் வரைக்கும் கேட்டது. அவள் அழுதாள், கெஞ்சினாள், கடைசியில் ஏசினாள். அவன் கதவை விட்டு நகரவில்லை.

என் பெயரும் இல்லை, நான் காருக்குள் இருந்து போனில் நேரலையாகப் பார்த்தேன். நூற்றைம்பது அடி தூரத்தில் நடக்கிற பூசையை ஆறு அங்குலக் கண்ணாடியில் பார்ப்பது என்ன அவமானம் என்று எனக்கு அப்போது ஆத்திரம் வந்தது. பெட்டி மூட முதல் ஒவ்வொருவராக வந்து கும்பிட்டார்கள். அவர்களுடைய வழக்கம் நெற்றியில் முத்தமிட்டுக் கொஞ்சுவது. தொடக்கூடாது என்று பெட்டியைக் கொண்டுவந்த மண்டபக்காரர்கள் முதலே சொல்லியிருந்தார்கள். கடைசியாக மரியோ வந்தான். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்தான். பாதியில் நின்றான். நிமிர்ந்தான். பிறகு படம் நின்றுவிட்டது, என் போனில் சார்ஜ் முடிந்துபோயிருந்தது. நான் ஸ்ரியரிங்கில் தலையை வைத்து அழுதேன். எமில்டாவுக்காகவா அவனுக்காகவா என்று எனக்கே தெரியவில்லை.

செப்ரெம்பர் கடைசி ஞாயிறு இறுதிப்போட்டி. ஒரு பக்கம் எங்கள் பொடியன்களின் மால்வேர்ன் அணி, மற்றப் பக்கம் ஒஷாவா. ஆட்டத்துக்கு முன் இரண்டு அணிகளையும் ஆறடி விட்டு நிறுத்தி பதினான்கு விதிகளையும் சத்தமாக வாசித்தேன். மால்வேர்னுக்குப் பந்து எறிகிற மரியோ சப்பாத்து நாடாவைக் கட்டிக்கொண்டு நின்றான். கேட்டானோ இல்லையோ, எனக்குத் தெரியாது. வேலிக்கு அந்தப் பக்கம் அல்பேட் மடக்குக் கதிரை போட்டு இருந்தான். எமில்டா போன பிறகு அவன் வீட்டை விட்டு ஒரு காரியத்துக்கு வெளிக்கிட்டது அன்றைக்குத்தான்.

முதலாவது ஒஷாவாக்காரன் மட்டையோடு வந்தான். மரியோ பந்து எறிகிற மேட்டிலிருந்து ஓரடி பின்னுக்கு இறங்கி, மட்டைக்காரனுக்கு முதுகைக் காட்டி, என் பக்கம் திரும்பினான். தலையைக் குனிந்து, இடக்கைக் கையுறையை முகத்துக்குப் பக்கத்தில் பிடித்தபடி வலக்கையால் சிலுவை போட்டான். போட்டு முடித்து விரல்நுனியை உதட்டில் வைத்துக் கொஞ்சினான்.

அது எமில்டாவின் வழக்கம். கார் திறப்பைத் திருப்ப முதல், கேக் வெட்ட முதல், புது அரிசி மூட்டை பிரிக்க முதல், சிலுவை போட்டு விரலைக் கொஞ்சுவாள். "சாமிக்கு ஒண்டு, அரிசிக்கும் ஒண்டோ?" என்று நான் பகிடி பண்ணுவேன். அவள் கோபப்பட மாட்டாள்.

எறிகிற கை, வாய், ஒன்பதாவது விதி. மூன்றும் என் கண்ணுக்கு முன்னால் நடந்தது. பக்கவாட்டில் நின்று பார்த்தால் கையுறை மறைக்கும், கும்பிடுகிறான் என்று மட்டும் தெரியும். மட்டைக்காரனுக்கு முதுகு. கிட்ட நின்று நேரே பார்க்கக்கூடிய ஒரே ஆள் நான், அதுவும் இந்த வருடம் என்னைக் கொண்டுவந்து அந்த இடத்தில் நிறுத்தியதால். நான் கையிலிருந்த, பந்துகளை எண்ணும் கருவியைக் குனிந்து பார்த்தேன். அதில் பார்க்க ஒன்றும் இருக்கவில்லை. இன்னும் ஒரு பந்தும் எறியப்படவில்லை.

ஒரு கொஞ்சல்தானே, யாருக்கு என்ன நட்டம் என்று நினைத்தேன். தாயைக் கொஞ்ச விடப்படாத பிள்ளை. இதையும் நான் பறிக்கிறதோ?

ஒவ்வொரு மட்டைக்காரனுக்கும் ஒருதரம் அப்படியே செய்தான். ஒவ்வொரு தரமும் நான் கருவியைப் பார்த்தேன். அவன் எறிந்த எறியை என்னவென்று சொல்ல! பின்னால் நின்று பார்க்கிறபோது பந்து அவன் கையை விட்டுப் போகிற பாதை முழுவதும் தெரியும். நேரே போய்க் கடைசி நேரத்தில் சறுக்கி விழும். ஆறு இன்னிங்ஸ் முடிந்தபோது ஒஷாவாக்காரர் ஒருவர்கூட ஒழுங்காக ஓர் அடி அடித்திருக்கவில்லை. இரண்டு பேர் மட்டும் இலவசமாக முதலாம் தளத்துக்குப் போனார்கள், போய் அங்கேயே நின்றார்கள். எங்கள் பொடியன்கள் ஒரு ஓட்டம் எடுத்திருந்தார்கள். ஒன்றுக்குப் பூச்சியம். இன்னும் ஒரே ஒரு இன்னிங்ஸ். வேலிக்கு அப்பால் அல்பேட் கதிரையிலிருந்து எழும்பி நின்றான். அவன் சிரிப்பது மாஸ்க்குக்கு மேலாலேயே தெரிந்தது.

ஏழாவது இன்னிங்ஸில் முதல் ஆள் தரையோடு உருட்டிவிட்டான். எங்கள் நிதுசன் அதைப் பிடித்து, அவசரப்பட்டு, முதலாம் தளத்துக்கு மேலால் வேலிக்கு எறிந்தான். ஓடியவன் இரண்டாம் தளத்துக்கு வந்துவிட்டான். அன்றைக்கு இரண்டாம் தளத்தில் கால் வைத்த முதல் ஒஷாவாக்காரன் அவன். எனக்குப் பத்தடி தள்ளி, நான் பார்க்கிற அதே பக்கத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

மரியோ பின்னுக்கு இறங்கினான். திரும்பினான். குனிந்தான். சிலுவை போட்டான்.

"வேண்டாம்" என்று எனக்குள்ளே சொன்னேன். வாயால் சொல்லவில்லை.

கொஞ்சினான். இரண்டாம் தளத்தில் நின்றவன் உடனே கையைத் தூக்கித் தன் கோச்சைக் கூப்பிட்டான்.

ஒஷாவா கோச் வயதான மனிதர், மரியாதையான ஆள். மாஸ்க்கைச் சரிபண்ணிக்கொண்டு ஆறடி தள்ளி வந்து நின்றார். "என் பையன் பார்த்திருக்கிறான். பந்து எறிபவன் கையை வாயில் வைத்தான். நீ பார்த்தாயா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"பார்த்தேன்" என்றேன்.

"இது முதல் தடவையா?"

அவர் அதைச் சூழ்ச்சியாகக் கேட்கவில்லை. எச்சரிக்கையா வெளியேற்றமா என்று தெரியவேண்டும், அதற்காகக் கேட்டார். நான் "ஓம்" என்று ஒரு சொல் சொன்னால் எச்சரிக்கை, புதுப் பந்து, ஆட்டம் நடக்கும். என்னைத் தவிர ஒருவருக்கும் உண்மை தெரியாது. மரியோ என்னைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவன் முகத்தில் பயம் இல்லை, என்ன நடக்கிறது என்று விளங்காத ஒரு பார்வை. தூரத்தில் அல்பேட் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

பதினைந்து வருடத்தில் நான் பிழையான தீர்ப்புச் சொல்லியிருக்கிறேன். பொய்த் தீர்ப்புச் சொன்னதில்லை.

"இல்லை" என்றேன். "ஆட்டம் தொடங்கினதிலிருந்து செய்கிறான்."

கோச் தலையை ஆட்டினார். பிறகு திரும்பிப் போனார். நான் மரியோவை நோக்கிக் கையை நீட்டி வெளியே காட்டினேன். அவன் "வாட்?" என்றான். "ஒன்பதாவது விதி" என்றேன், அவ்வளவுதான் சொன்னேன். அவன் தன் விரலைப் பார்த்தான். பிறகு பந்தை மேட்டில் வைத்துவிட்டு நடந்து போனான். தூக்கி எறியவில்லை, ஏசவில்லை. அவன் ஏசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

கஜீவன் எறிய வந்தான். உடம்பு சூடேறாத பொடியன். முதல் பந்திலேயே ஓர் அடி, ஒன்றுக்கு ஒன்று. மூன்றாவது ஆள் அடித்தபோது ஒஷாவாவுக்கு இரண்டாவது ஓட்டமும் வந்து ஆட்டம் முடிந்தது. ஒஷாவாக்காரர் கட்டிப்பிடிக்காமல் முழங்கையோடு முழங்கை முட்டி வெற்றி கொண்டாடினார்கள். விதிப்படி.

அல்பேட் வேலியடியில் நின்று கத்தினான். "டேய் சண்! அவன்ரை தாயைத்தான் கொஞ்ச விடேல்லை. அவன்ரை கையையும் கொஞ்ச விடமாட்டியோடா? நீயெல்லாம் ஒரு மனுசனோ?" அதற்குப் பிறகு கதிரையை மடக்கினான். அது மடங்காமல் சண்டை பிடித்தது. அப்படியே விரித்தபடி தூக்கிக்கொண்டு காருக்குப் போனான்.

அன்றைக்குப் பின்னேரமே வட்ஸ்அப் தொடங்கிவிட்டது. சைவக்காரன் வேதக்காரப் பிள்ளையின் செபத்துக்குத் தண்டனை கொடுத்துவிட்டான் என்று ஒரு குரல்பதிவு. நேர்மைக்கு ஒரு சண்முகநாதன் என்று இன்னொன்று. எச்சரிக்கை கொடுக்காமல் எப்படி வெளியேற்றலாம் என்று நியாயமாகக் கேட்டவர்களும் இருந்தார்கள். மால்வேர்ன் அணி எழுத்தில் முறைப்பாடு செய்தது. அடுத்த பந்து எறிய முதல் செய்திருக்கவேண்டும், இப்போது நேரம் போய்விட்டது என்று லீக் பதில் அனுப்பியது. லீக் கேட்ட அறிக்கையில் நடந்ததை நடந்தபடியே எழுதினேன். முதல் ஆளிலிருந்தே கண்டேன், எச்சரிக்கவில்லை என்று. அந்த அறிக்கையும் எப்படியோ வெளியே போய்விட்டது.

எனக்கு ஒருவர் மேலும் மனவருத்தம் இல்லை, கோபம்தான் இருந்தது. இருபத்தொரு தரம் அந்தப் பிள்ளைக்காகக் கண்ணை மூடியிருக்கிறேன். அதை ஒருத்தரும் கணக்கில் எடுக்கவில்லை. கேட்டபோது பொய் சொல்லவில்லை, அதுதான் எல்லாருக்கும் குற்றமாகத் தெரிந்தது. தவமணியிடம் இதை நாளுக்கு நாலு தரம் சொன்னேன். அவள் ஐந்தாம் தரம் கேட்கமாட்டேன் என்று ரீவியைச் சத்தமாக வைத்தாள்.

டிப்போவில் அல்பேட் என் பஸ்ஸைத் தொடமாட்டான். வேறு மெக்கானிக்கைத் தள்ளிவிடுவான். அந்த மெக்கானிக் என்னைத் திட்டாமல் பிரேக்கைத் திருத்தித் தந்தான். ஒரு மாதம் அப்படிப் போனது. திட்டு வாங்காமல் பஸ் ஓட்டுவது எவ்வளவு வெறுமை என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

நவம்பர் இரண்டு, அவர்களுக்கு மரித்த ஆத்துமாக்களின் நாள். கல்லறைக்குப் போய்ப் பூ வைத்து மெழுகுதிரி கொளுத்துவார்கள். காலை வேலை முடிந்து, அவர்கள் போயிருப்பார்கள் என்று கணக்குப் போட்டு, ஒரு பூங்கொத்தோடு மூன்று மணிக்குப் போனேன். கணக்குப் பிழைத்துவிட்டது. அல்பேட்டின் வான் அங்கே நின்றது. தூரத்தில் அவன் எமில்டாவின் கல்லுக்கு முன்னால் குந்தியிருந்தான். நான் காரை விட்டு இறங்கவில்லை. அவர்கள் போகட்டும் என்று அப்படியே இருந்தேன். மே மாதத்தில் இருந்த மாதிரியே.

மரியோ என் காரைக் கண்டுவிட்டான். நடந்து வந்தான். நான் கண்ணாடியை இறக்கி மாஸ்க்கை ஏற்றினேன். அவனும் மாஸ்க்கை ஏற்றினான்.

"வாங்கோவன் அங்கிள். ஏன் காருக்குள்ளை இருக்கிறியள்?"

"கொப்பர் கத்துவார்."

"கத்துவார்தான்" என்றான். போகவில்லை. காரிலிருந்து ஆறடி தள்ளிக் கையைப் பொக்கற்றுக்குள் விட்டபடி நின்றான். "உங்கடை ரிப்போர்ட்டைப் பாத்தனான். எல்லாருக்கும் வந்தது. நீங்கள் ஃபெர்ஸ்ட் இன்னிங்ஸிலையே கண்டனீங்களோ?"

"முதல் ஆளுக்கே கண்டனான். ஒவ்வொரு ஆளுக்கும் கண்டனான். இருபத்திரண்டு தரம்."

"ஏன் சொல்லேல்லை?"

இந்தக் கேள்விக்காகத்தான் நான் ஒரு மாதமாகக் காத்திருந்தேன். பதில் தயாராக இருந்தது. "உன்னைப் பாவம் பாத்து விட்டனான்ரா. அண்டைக்குக் கோயிலிலை நீ குனிஞ்சு, பிறகு கொஞ்சாமல் நிமிர்ந்ததை நான் போனிலை பாத்தனான். இதையாவது பிள்ளை செய்யட்டும் எண்டு விட்டனான். உனக்காகத்தான்."

அவன் நிலத்தைப் பார்த்தான். அழப்போகிறான் என்று நினைத்தேன். நிமிர்ந்தபோது அவன் கண்ணில் இருந்தது கோபம்.

"எனக்கு அது வருதெண்டே தெரியாது அங்கிள். ஹாபிற். அம்மா செய்யிறதைப் பாத்துப் பாத்து வந்தது. முதல் தரமே நீங்கள் மரியோ, கை எண்டு சொல்லியிருந்தா நான் நிப்பாட்டியிருப்பன். ஏழு இன்னிங்ஸும் எறிஞ்சிருப்பன். அப்பா அதைப் பாத்திருப்பார்." அவன் கையைப் பொக்கற்றிலிருந்து எடுத்தான். "ஜோசப்பின் சித்தியை நான்தான் வாசலிலை மறிச்சனான். அம்மாவையே நான் கொஞ்சேல்லை, ரூல் எண்டு சொல்லி. ஒரு கேமுக்காக நான் கையைக் கொஞ்சாமல் விடமாட்டன் எண்டு நீங்கள் எப்பிடி நினைச்சியள்?"

இருபத்தொரு தரம் கருவியைக் குனிந்து பார்த்தபோது நான் நல்ல மனிதன் என்று நினைத்திருந்தேன். விதியைத் தாங்க அவனால் முடியாது என்று நானே முடிவு செய்து, அவனுக்கு ஒரு சொல்லும் சொல்லாமல், அவனை அந்த ஏழாவது இன்னிங்ஸ் வரைக்கும் கூட்டிக்கொண்டு வந்து விட்டிருக்கிறேன். தாயின் பெட்டியடியில் பாதியில் நின்று நிமிர்ந்தவனை விடவா எனக்கு விதி தெரியும்?

கார்க் கதவைத் திறந்து இறங்கினேன்.

"மன்னிச்சுக்கொள்ளடா" என்றேன்.

"எதுக்கு? வெளியிலை போகச் சொன்னதுக்கோ?"

"இல்லை. அது சரிதான். முதல் தரம் சொல்லாமல் விட்டதுக்கு."

அவன் மாஸ்க்குக்குள்ளே ஒரு சின்னச் சிரிப்பு வந்தது மாதிரி இருந்தது. "அதுக்கு மட்டும்தானே?"

"அதுக்கு மட்டும்தான்."

"ஓகே. அது காணும்" என்றான்.

கல்லறையடியிலிருந்து அல்பேட்டின் குரல் வந்தது. அவன் இந்தப் பக்கம் திரும்பவில்லை. "மரியோ! இந்தத் திரி காத்துக்கு நிக்குதில்லை. ஒரு பக்கம் நான் மறைச்சா மற்றப் பக்கத்தாலை அடிக்குது. அந்த அறுவானையும் கூட்டிக்கொண்டு வா, வந்து மற்றப் பக்கம் நிக்கட்டும்."

பூங்கொத்தை எடுத்துக்கொண்டு போனேன். அல்பேட்டுக்கு நேர் எதிரே, ஆறடி தள்ளிக் குந்தினேன். அவ்வளவு தூரத்தில் குந்தினால் காற்றை மறைக்க முடியாது. திரி மறுபடியும் அணைந்தது.

"கிட்ட வாடா விசரா" என்றான் அல்பேட்.

போனேன்.